பாம்பன் பாலத்து இறக்கத்தில் வந்த நீலப்புகை

மண்டபத்திலிருந்து மாமா போன் செய்தார். "மாப்ளே, காரு ஆயில் குடிக்குது. ரிங் போயிருச்சாம். என்ஜினை இறக்கணும்ங்கிறாங்க." இருபது வருடப் பெட்ரோல் கார் அது. முந்தின வாரம் வரை புகையே இல்லை. பத்தே நாளில் அரை லிட்டர் ஆயில் குறைந்து, சைலன்சரில் நீலப்புகை.

மாமா வெகுகாலம் விசைப்படகு வைத்திருந்தவர். டீசல் என்ஜின் நீலமாகப் புகைந்தால் அவர் நினைப்பு முதலில் ரிங்குக்குத்தான் போகும். எனக்கு உறுத்தியது அந்தப் பத்து நாள் கணக்கு. பிஸ்டனைச் சுற்றியிருந்து ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் வளையம்தான் ரிங். அது மெல்லத்தான் தேயும். பல ஆயிரம் கிலோமீட்டரில் கொஞ்சம் கொஞ்சமாக ஆயில் குறையும். ஒரே வாரத்தில் புகை கிளம்பினால், எதோ ஒன்று அடைத்திருக்கும், இறுகியிருக்கும், இல்லை கழன்றிருக்கும். தனுஷ்கோடிப் பக்கம் ஓடும் வண்டிக்கு மட்டும் ஒரு விலக்கு சொல்வேன். ஏர் ஃபில்டர் கிழிந்து பொடிமணல் உள்ளே போனால் ரிங் சீக்கிரமே தேய்ந்துவிடும். ஃபில்டரைத் தாண்டியுள்ள குழாயில் விரலை விட்டுத் தடவினால், நறநறப்பே காட்டிக்கொடுக்கும். மாமா காரில் அது சுத்தமாக இருந்தது.

கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம். இனிப்பு வாடையோடு விடாமல் வரும் வெள்ளைப் புகை என்றால் கூலண்ட் உள்ளே கசிகிறது. நீலம் ஆயிலுடையது. முழுதாக எரியாத ஆயில் மிக நுண்ணிய துளிகளாக வெளியே வருகிறது; அந்தத் துளிகள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன.

நிறத்தைவிட, புகை எந்த நேரத்தில் வருகிறது என்பதுதான் நிறையச் சொல்லும். பெட்ரோல் என்ஜினில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் காற்று போகும் வழி மூடிக்கொள்ளும். பிஸ்டன்களோ இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே கடும் வெற்றிட இழுவை உண்டாகும். வால்வுத் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையமான வால்வு சீல் இறுகிப் போயிருந்தால், அந்த இழுவையில் ஆயில் வால்வுத் தண்டு வழியாக இறங்கிவிடும். ரிங் தேய்ந்த வண்டி பெரும்பாலும் ஏற்றத்தில், பாரம் ஏறும்போது புகையும். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒருமுறை குப்பென்று புகைந்து நின்றால், அதுவும் வால்வு சீல் பக்கம்தான்.

1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம், அடியில் கப்பல் போவதற்காக நடுவில் உயர்ந்திருக்கும். ஏற்றமும் இறக்கமும் சேர்ந்தாற்போலக் கிடைக்கிற இடம். மாமாவைக் காரில் முன்னே போகச் சொல்லி, நான் பைக்கில் தள்ளிப் பின்னால் போனேன். ஏற்றத்தில் ஒன்றுமில்லை. இறக்கத்தில் கியரில் விட்டபடி காலை எடுத்துவிட்டு, கீழே வந்து மறுபடி மிதித்ததும் நீலமாக ஒரு மேகம்.

சரி, இழுவைதான் ஆயிலைக் கொண்டுவருகிறது. அப்புறம் சந்தேகத்துக்கு இரண்டு பேர்தான்: வால்வு சீல், அல்லது பிசிவி வால்வு. எரியும் வாயுவில் கொஞ்சம் எப்போதும் ரிங்கைத் தாண்டி என்ஜினின் அடிப்பகுதிக்குக் கசியும். அதை மறுபடி எரிப்பதற்காக ஒரு குழாய் மேலே இழுத்துக்கொள்கிறது. வழியில் காவலுக்கு இருக்கும் சிறிய வால்வுதான் பிசிவி. இழுவை கூடும்போது அது வழியைக் குறுக்க வேண்டும். திறந்தபடியே சிக்கிக்கொண்டால், வாயுவோடு ஆயிலும் சேர்ந்து ஏறும். மாறாக அடைத்துக்கொண்டால் கீழே அழுத்தம் சேர்ந்து, சீல்களிலும் ரிங்கிலும் ஆயிலைத் தள்ளும். இரண்டுமே திடீரென்று நடக்கக்கூடியவை.

வால்வைக் கழற்றி காதருகே ஆட்டினேன். நல்ல வால்வு கடகடக்கும். இது கம்மென்று இருந்தது. உள்ளே கறுப்புப் பிசின். அந்த வால்வு இருந்த குழாயிலும் ஆயில் வழிந்து நின்றது.

புது வால்வு மாட்டினோம், குழாயைக் கழுவினோம். டிப்ஸ்டிக்கில் மேல்கோடு வரை ஆயில் ஊற்றினோம். கோட்டைத் தாண்டி ஊற்றினால், அடியில் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரைக்க வைத்துவிடும். அதுவே புகைக்குக் காரணமாகலாம். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகும் ஆயில் கோட்டிலேயே நின்றது. இறக்கத்தில் புகையும் இல்லை. குறைந்திருந்தால் அடுத்து வால்வு சீலை மாற்றியிருப்போம். அதற்கும் ரிங்குக்குப் போகத் தேவையில்லை.

"படகு என்ஜினையும் இப்படிப் பார்க்கலாமா?" என்று மாமா கேட்டார். முடியாது. சாதாரண டீசல் என்ஜினில் காற்றை மூடுகிற கதவு கிடையாது, அதனால் இந்த இழுவையும் கிடையாது. படகில் அவர் ரிங்கை முதலில் சந்தேகப்பட்டது சரிதான்.