டிஃபெண்டட் ஏரியா: தமிழில் என்ன சொல்வது?

பிரிட்டனின் வெள்ள வரைபடங்களில் ‘டிஃபெண்டட் ஏரியா’, ‘டிஃபெண்டட் ஸோன்’ என்ற பெயர்கள் வரும். போர் விவகாரம் அல்ல. ஆறோ கடலோ பொங்கினால் மூழ்க வேண்டிய தாழ்நிலம். நடுவில் ஒரு கரையோ சுவரோ மதகோ நிற்பதால் மூழ்காமல் இருக்கிறது. அந்த நிலத்துக்குத்தான் இந்தப் பெயர்.

‘டிஃபெண்ட்’ வந்தது லத்தீனின் ‘டிஃபெண்டெரே’ என்ற வினையிலிருந்து. அடித்து விலக்கு, தள்ளி நிறுத்து என்பது பொருள். வேலியைக் குறிக்கும் ‘ஃபென்ஸ்’கூட ‘டிஃபென்ஸ்’ என்பதன் தலை உதிர்ந்த வடிவமே. ஆக, வேரில் இருப்பது பத்திரமாக இருக்கும் நிலை அல்ல, வருவதைத் தள்ளிக்கொண்டே இருக்கும் வேலை. தமிழாக்கத்தில் நாம் தவறவிடுவது இதைத்தான்.

இந்த நிலத்தை வரைவது எப்படி? கணினியில் ஒரே வெள்ளத்தை இரண்டு முறை ஓடவிடுவார்கள்: ஒருமுறை கரைகள் இருப்பதாகவும், மறுமுறை இல்லாததாகவும். இரண்டாவதில் நனைந்து முதலாவதில் நனையாத நிலம்தான் நாம் பேசுவது. இங்கிலாந்தில் முன்பு இதை ‘அரண்களால் பயன்பெறும் பகுதிகள்’ என்ற பொருளில் அழைத்தார்கள். என் கணிப்பில் அதுவே நேர்மையான பெயர்.

கட்டட அனுமதிக்கு அங்கே பார்க்கும் வரைபடமோ கரைகளைக் கண்டுகொள்வதே இல்லை. எந்த ஓர் ஆண்டிலும் ஆற்று வெள்ளம் வரக் குறைந்தது 1 சதவீதமோ, கடல் வெள்ளம் வரக் குறைந்தது 0.5 சதவீதமோ வாய்ப்புள்ள நிலம் மூன்றாம் மண்டலம். 1982 முதல் இயங்கும், தேம்ஸ் ஆற்றின் குறுக்கேயுள்ள வெள்ளத் தடுப்பு காத்து நின்றாலும், லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றக் கட்டடம் நிற்பது மூன்றாம் மண்டலத்தில்தான். கரை உடையலாம், தண்ணீர் மேலேறி வழியலாம், பராமரிப்புப் பணம் நிற்கலாம் என்பது காரணம். வேல்ஸ் வேறு வழி எடுத்தது: போதுமான காப்புள்ள நிலத்தைத் தனி மண்டலமாகவே வரைந்து, திட்ட அதிகாரிகள் அதற்குத் தனியாக விதி பார்க்கிறார்கள்.

1 சதவீதம் அற்பமாகத் தெரியும். முப்பது ஆண்டு வீட்டுக் கடன் காலத்துக்குக் கூட்டிப் பாருங்கள்: ஒருமுறையாவது அந்த வெள்ளம் வர ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு.

இனி தமிழ். ‘பாதுகாக்கப்பட்ட பகுதி’ என்றுதான் கை உடனே எழுதும். வேண்டாம். வனவிலங்குச் சரணாலயம் நினைவுக்கு வரும். 2020 சட்டத்துக்குப் பிறகு காவிரி டெல்டாவின் ‘பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்’ வேறு இருக்கிறது. அதைவிட, ‘பட்ட’ என்ற முடிவு, வேலை முடிந்துவிட்டது, தூங்கலாம் என்கிறது.

‘வெள்ள அரண்’? அகழியை நீரரண் என்பது நம் மரபு. அங்கே நீரே அரண். வெள்ள அரண் என்றால் வெள்ளத்தாலான கோட்டை என்றும் படிக்கலாம். ‘சிறை’ ஆசை காட்டும் சொல்; பழந்தமிழில் அதற்கு அணை என்றும் பொருள் உண்டு. பாய்ந்துவரும் படையை ஒருவனாக நின்று தாங்குபவனைத் தொல்காப்பியம் ‘வருவிசைப் புனலைக் கற்சிறை போல’, அதாவது விரைந்து வரும் நீரைத் தடுக்கும் கல்லணை போல, என்கிறது. தள்ளி நிறுத்தும் வேலை அந்தச் சொல்லில் அப்படியே இருக்கிறது. ஆனால் இன்று ‘சிறைப் பகுதி’ என்று வரைபடத்தில் எழுதினால் மனை விற்காது.

கரைக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட, காப்பில்லாத நிலத்துக்குக் காவிரிக்காரர்களிடம் ‘படுகை’ உண்டு. கொள்ளிடத்தின் நாதல்படுகை 2022 ஆகஸ்டில் நீரில் நின்றது. கரைக்கு இந்தப்புறம் உள்ள நிலத்துக்கு அவ்வளவு கச்சிதமான சொல் எனக்குத் தட்டுப்படவில்லை. படுகையும் இன்று எண்ணெய்க் கிணறு பற்றிய செய்திகளில் மொத்த வடிநிலத்தையும் குறிக்கப் போய்விட்டது.

என் பரிந்துரை ‘வெள்ளக்காப்பு சார்ந்த பகுதி’. சுருக்கமாகக் ‘காப்புசார் பகுதி’. கோயில் திருவிழாவில் காப்புக் கட்டுவார்கள், பிறகு அவிழ்ப்பார்கள். நிரந்தரம் என்ற மயக்கம் அந்தச் சொல்லில் இல்லை. ‘சார்’ இன்னும் முக்கியம்: நிலம் வேறொன்றை நம்பி நிற்கிறது என்று அது சொல்லிவிடுகிறது. “இந்த மனை காப்புசார் பகுதியில் வருது” என்று தரகர் சொன்னால், வாங்குகிறவர் அடுத்துக் கேட்பார்: “எந்தக் காப்புங்க? யார் பார்த்துக்கிறாங்க?”