அதே பில், அதே ஏலக்காய், நாலு மடங்கு ராம்

லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலையில் ஏறிக்கொண்டிருந்தேன். கடைக்காரரிடமிருந்து மூன்றாவது தடவையாக போன்.

"தம்பி, எங்க வர்ற? சாப்ட்வேர்க்காரன் ராத்திரி அப்டேட் போட்டான். காலையில இருந்து ஒரு பில் போட அஞ்சு நிமிசம் ஆகுது."

வண்டன்மேடு, புத்தடிப் பக்கத்துத் தோட்டங்களில் ஏலக்காய் வாங்கி போடிக்கு அனுப்பும் கடை அது. பில் போட நாலு கம்ப்யூட்டர், உள்ளறையில் ஒரு சர்வர். 2013-இல் வாங்கியது. 8 ஜிபி ராம் (ஓடும் புரோகிராம்கள் வேலை செய்யும் தற்காலிக மெமரி), பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இரண்டு. இத்தனை வருடத்தில் இரண்டு முறை யுபிஎஸ் பேட்டரி மாற்றியதைத் தவிர அதற்கு நான் எதுவும் செய்ததில்லை. புதிய பதிப்போடு வந்த கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், குறைந்தபட்சம் 32 ஜிபி ராம், எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்) அவசியம் என்று பொடி எழுத்தில் இருந்தது. அப்டேட் ஏறிய பிறகுதான் நாங்கள் அதைப் படித்தோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"அதே ஏலக்காய், அதே எடை, அதே பில். இதுக்கு எதுக்கு தம்பி நாலு மடங்கு?" என்றார்.

நியாயமான கேள்வி. எது எவ்வளவு ராம் பிடிக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து அவரையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். பழைய பதிப்பில் பில் கணக்கை அந்தந்த கம்ப்யூட்டரே போட்டுக்கொண்டது. சர்வரில் இருந்தது டேட்டாபேஸ் மட்டும். புதியதில் எல்லாம் பிரவுசர் வழி. வெப் சர்வர், டேட்டாபேஸ், பெயர் தேடுவதற்குத் தனியாக ஜாவாவில் ஓடும் ஒரு சர்ச் என்ஜின், அப்புறம் அடிக்கடி கேட்பதை ராமில் தயாராக வைத்திருக்கும் கேஷ் (cache) ஒன்று. ஒருவர் குடியிருந்த வீட்டில் நாலு குடித்தனம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு புரோகிராமுக்குத் தேவையான ராம் வேறு, அது பிடித்து வைத்துக்கொள்ளும் ராம் வேறு. ஜாவாவுக்கு நாம் அளவு சொல்லாவிட்டால், மெஷினில் உள்ள ராமில் கால் பங்கு வரை தன் ஹீப்புக்கு (தன் டேட்டாவை வைக்கும் இடத்துக்கு) எடுத்துக்கொள்ளலாம் என்று அதுவே வைத்துக்கொள்ளும். இங்கே டேட்டாபேஸை நடத்துவது எஸ்கியூஎல் சர்வர் என்ற சாப்ட்வேர். அதன் முழுப் பதிப்பில் அதிகபட்ச மெமரிக்கு ஆரம்பத்தில் வரம்பே கிடையாது. டேட்டாவைப் படிக்கப் படிக்க ராமில் சேர்த்துக்கொண்டே போகும். விண்டோஸ் நெருக்கினால்தான் கொஞ்சம் விடும். தனி மெஷினில் ஓடினால் இது நல்ல குணம்தான். 8 ஜிபிக்குள் நாலு பேர் அடித்துக்கொண்டால், மிஞ்சியதை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். சுழலும் டிஸ்க்கில் அதுதான் அந்த ஐந்து நிமிடம்.

டேட்டாபேஸுக்கு 3 ஜிபி, சர்ச் என்ஜினுக்கு 1 ஜிபி என்று வரம்பு கட்டினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு பில் பத்து விநாடியில் வந்தது. அடுத்த வாரம் ஒரு எஸ்எஸ்டியும் இன்னொரு 8 ஜிபி ராமும் போட்டோம், பழைய வேகம் வந்துவிட்டது. ஆக 16 ஜிபி. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அவர்கள் எழுதிய குறைந்தபட்சம் இல்லாததால், ஏதாவது பிரச்சினை என்று கூப்பிட்டால் "முதலில் ராம் போடுங்கள்" என்பதே பதிலாக வருகிறது.

பழைய பதிப்புக்கே திரும்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்டேட்டோடு டேட்டாபேஸும் புதிய பதிப்புக்கு மாறிவிட்டது. எஸ்கியூஎல் சர்வரில் புதிய பதிப்புக்கு ஏறிய டேட்டாபேஸைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. முந்தின இரவு எடுத்த பேக்கப்புக்குப் போனால் காலையில் போட்ட பில் எல்லாம் போச்சு. இ-ஏலம் நடக்கிற நாளில் எந்தக் கடைக்காரர் அதற்குச் சம்மதிப்பார்? அதனால் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். முடிந்தால் பேக்கப்பை வேறொரு மெஷினில் ஏற்றி, ஒரு சாயங்காலம் முழுக்க பில் போட்டுப் பாருங்கள்.

எல்லாப் பழியையும் சாப்ட்வேர்க்காரர்கள் தலையில் போடவும் மனம் வரவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிச் சட்டத்தில் பதிவானவர்களின் கணக்கு சாப்ட்வேர் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிந்து வைக்க வேண்டும், அந்தப் பதிவை அணைக்கவும் கூடாது. நம்ம கடை கூட்டு வியாபாரம், அந்த விதி அதற்கு இல்லை. ஆனால் சாப்ட்வேர் எல்லோருக்கும் ஒன்றுதானே. ஒரு மூட்டை எடையைத் திருத்தினால் இங்கேயும் டேட்டாபேஸில் ஒரு பதிவு கூடுகிறது.

வரம்பு கட்டும் வித்தை பலிக்காத இடங்களும் உண்டு. மோங்கோடிபி என்ற இன்னொரு டேட்டாபேஸ் சாப்ட்வேர், 5.0 பதிப்பு முதல், ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுதி இல்லாத பிராசஸரில் ஓடாது. பழைய பென்டியம், செலரான் பலவற்றில் அது கிடையாது, எவ்வளவு ராம் போட்டாலும் பிரயோசனமில்லை. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கேட்கிறது, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால், கவுண்டர் கம்ப்யூட்டர்களுக்கும் இந்தக் கேள்வி வந்தே தீரும். சிபியு-இசட் என்ற இலவசக் கருவியில் பிராசஸர் பெயரும் ஏவிஎக்ஸ் இருக்கிறதா என்பதும் தெரியும். இரண்டு நிமிட வேலை.

புதிய சர்வரே வாங்குவது என்று முடிவெடுத்தால் ராம் விலையோடு கணக்கை நிறுத்திவிடாதீர்கள். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டுக்கு கோர் (பிராசஸருக்குள் கணக்குப் போடும் தனிப் பிரிவு) எண்ணிக்கைப்படி லைசென்ஸ். உங்கள் மெஷினில் நாலே கோர் இருந்தாலும் 16 கோருக்கு வாங்கியாக வேண்டும். அதைப் பயன்படுத்தும் ஆட்களுக்கோ கம்ப்யூட்டர்களுக்கோ கேல் என்ற அனுமதி தனி. கொட்டேஷனில் இதை எழுதாமல் விட்டுப்போய், பிறகு சண்டையில் முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

குறைந்தபட்சம் என்று எழுதுகிறவர் நாலு கம்ப்யூட்டர் கடையை மனதில் வைத்து எழுதுவதில்லை. ஐம்பது பேர் ஒரே நேரத்தில் உட்காரும் ஆபீஸுக்கும் அதே தாள்தான். "இந்த 32 எத்தனை பேருக்கு? எத்தனை வருட டேட்டாவுக்கு?" என்று எழுத்தில் கேளுங்கள்.

போன வாரம் அடுத்த பதிப்புக்கான கடிதம் வந்தது. இந்த முறை கடைக்காரரே கடைசிப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். அந்த இரண்டு கேள்வியையும் கேட்டு சாப்ட்வேர்க்காரர்களுக்கு மெயில் போட்டிருக்கிறேன். நாலு நாளாகிறது. பதில் வரும்வரை அட்மின் பாஸ்வேர்டு கடைக்காரர் சட்டைப் பையில்.