பனி தாங்கும் செடி சென்னை வெயிலைத் தாங்குமா?

வளர்ப்புப் பையில், தென்னை நார்க் கழிவின் நடுவே, அடித்தண்டு கறுத்துச் சாய்ந்து கிடக்கும், நீலப் பூவுக்காக வாங்கப்படும் ‘ஃபால்ஸ் இண்டிகோ’ (போலி அவுரி) நாற்றின் புகைப்படமும், “என்ன மருந்து அடிக்கலாம்?” என்ற கேள்வியும் இந்தக் கோடையிலும் வந்துவிட்டன. அடிப்பதற்கு மருந்து எதுவும் இல்லை.

பாப்டிசியா ஆஸ்ட்ராலிஸ் எனப்படும் இச்செடி, வட அமெரிக்காவின் கிழக்கு, நடுப் பகுதிகளுக்கு உரியது. 2010ஆம் ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடி என்று அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டதில் குறை காண முடியாது. உறைபனி தாங்கும், வறட்சி தாங்கும், பல்லாண்டு நிற்கும் என்று விற்பவர்கள் எழுதுவதும் உண்மையே. அவ்வளவு பனியைத் தாங்குவது நம் வெயிலை எளிதில் தாங்கிவிடும் என்று வாங்குபவர்கள் போடும் கணக்குதான் எனக்கு விளங்கவில்லை. குளிர் அதற்குச் சோதனையல்ல, தேவை: தண்டுகள் எல்லாம் காய்ந்து, வேர்க்கட்டை மண்ணுக்கடியில் உறங்கி எழுந்த பிறகே அது செழித்துப் பூக்கிறது. தை மாத அதிகாலையிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் சென்னையில் அந்த உறக்கத்துக்கு வழியில்லை. விதையை ஃப்ரிட்ஜில் வைத்து முளைக்கவைத்து மகிழ்பவர்கள், செடியை ஆண்டுதோறும் ஃப்ரிட்ஜில் வைக்க முடியாது என்பதை ஏனோ யோசிப்பதில்லை. வறட்சி தாங்குவதும் ஆழத்தில் இறங்கும் ஆணிவேரின் பலத்தால்தான். ஓரடிப் பையில் அந்த வேர் எங்கே போகும்? தரையில் நட்டாலோ, ஐப்பசி மழையில் நீர் தேங்கும் களிமண் அதை அழுகவைத்துவிடும். சொந்த மண்ணிலேயே விதையிலிருந்து பூக்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும் செடி இது.

இதன் இலையை அரைத்துத் தலைக்குச் சாயமாகப் பூசலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அவுரிப் பொடி வேறு செடியினுடையது; பாப்டிசியாவில் சைட்டிசின் போன்ற நச்சுப் பொருள்கள் உள்ளன. காய்ந்து கறுத்த காய்கள் கிலுகிலுப்பை போல ஒலிப்பதால், குழந்தைகள் அவற்றை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம், “பெட்டியில் நாலு விதை போட்டுக் கொண்டு வா” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, விதைப்புக்கான விதைகளைக் கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் தேவை.

நீலப் பூதான் ஆசையென்றால், அதே அவரைக் குடும்பத்துச் சங்குப்பூ இருக்கிறது. விதையை ஓரிரவு ஊறவைத்து, வெயில் படும் இடத்தில் ஊன்றி, கொடி ஏறக் கயிறு கட்டிக்கொடுத்தால் சில மாதங்களுக்குள் பூக்கத் தொடங்கிவிடும். அவுரியே வேண்டுமென்பவர்கள் நீர் வடியும் தரையில் விதைக்கலாம். ஆனால் அதன் பூ சிறியது, இளஞ்சிவப்பு நிறம், நீலமெல்லாம் இலையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது என்பதை அறிந்துகொண்டு வாங்குங்கள்.