உங்கள் வண்டி யாருடைய செல் நம்பரில் இருக்கிறது?

காரைக்குடியில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பட்டா, வருமானச் சான்று, பான் கார்டு எல்லாம் வரும். ஆனால் பாதி நாள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலையிலேயே ஓடிவிடும். எல்.எல்.ஆர்., லைசென்ஸ் புதுப்பித்தல், ஆர்.சி. பெயர் மாற்றம், ஹெச்.பி. கேன்சல் (வண்டிக் கடன் முடிந்ததும் கடன் கொடுத்தவர் பெயரை ஆர்.சி.யிலிருந்து நீக்குவது). வந்து உட்கார்ந்ததும் எல்லோரும் கேட்பது "எவ்வளவு ஆகும், எத்தனை நாளாகும்?" என்றுதான். நான் முதலில் கேட்பது, "பதிவில் இருக்கிறது யார் போன் நம்பர்?" பெரும்பாலும் முழிப்பார்கள்.

இந்தக் கேள்வியை நான் கேட்க ஆரம்பித்ததற்கு ஒரு கதை உண்டு. புதுவயல் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியை மகள் பேருக்கு மாற்ற வந்தார். வாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, சேசிஸ் எண்ணின் கடைசி 5 இலக்கத்தையும் அடித்தேன். ஓ.டி.பி. அனுப்பிவிட்டதாகத் திரையில் வந்தது. பெரியவர் தன் பட்டன் போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். அது அசையவில்லை. மேஜைமேல் கவிழ்ந்து கிடந்த என் போன்தான் அதிர்ந்தது.

அந்த வண்டியை அவர் செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது பெயர் மாற்ற விண்ணப்பம் போட்டது நான்தான். அப்போது அவரிடம் போன் இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டால் பக்கம் நகராது. சரி, வேலை முடியட்டும் என்று என் நம்பரைத் தட்டிவிட்டேன். அதற்கப்புறம் அவருக்குப் போக வேண்டியதெல்லாம் எனக்குத்தான் வந்திருக்கிறது. பழைய மெசேஜ்களைத் தேடினால், ஹெல்மெட் போடாததற்கு இரண்டு அபராதம், தலைக்கு 1000 ரூபாய். லோன் வேண்டுமா என்று வரும் குப்பையோடு சேர்த்து நான் தள்ளிவிட்டவை. ஒன்றை நான் கட்டுகிறேன் என்றேன். "ஹெல்மெட் போடாதது நான்தானேப்பா" என்று சொல்லி இரண்டையும் அவரே கட்டினார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எங்கள் தொழிலில் பல பேர் செய்கிற காரியம்தான் இது. புரோக்கர்களும் செய்கிறார்கள், வேண்டுமென்றேகூட. புது வண்டி எடுக்கும்போது பதிவு விண்ணப்பத்தை ஷோரூமிலேயே போட்டுவிடுவார்கள். அங்கேயும் அவசரத்தில் யாரோ ஒருவருடைய நம்பர் ஏறிவிடும். பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, போட்டோ எடுக்கிற மும்முரத்தில் இதை யாரும் கவனிப்பதில்லை. ஒரு நிமிஷம் நின்று அந்தத் திரையில் உங்கள் நம்பர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் போட்டோ எடுங்கள்.

அரசாங்கத் தளம் ஒன்றுதான், பரிவாகன். அதற்குள் இரண்டு அறை. ஓட்டுகிற ஆளுக்கு சாரதி, ஓடுகிற வண்டிக்கு வாகன். லைசென்ஸ், எல்.எல்.ஆர். எல்லாம் சாரதியில், ஆர்.சி., பெயர் மாற்றம், ஹெச்.பி., வரி எல்லாம் வாகனில். இரண்டிலும் உங்கள் செல் நம்பர் தனித்தனியாக இருக்கிறது. ஆதாரில் நம்பரை மாற்றிவிட்டேன், எல்லாம் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. மாறியிருக்காது. மூன்றையும் மூன்று தடவை மாற்ற வேண்டும். இரண்டு தளத்திலும் செல் நம்பரை மாற்றுவதற்கென்றே தனி வழி இருக்கிறது. வண்டிக்கு ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். சேசிஸ் எண், எஞ்சின் எண், பதிவு செய்த தேதி எல்லாம் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். வண்டியை விற்கப்போகும் அன்று பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள். அன்றைக்குத்தான் நம்பருக்குச் சொந்தக்காரர் போனை எடுக்கமாட்டார்.

அடுத்தது பெயர். நம் பக்கத்துக்கு இதுதான் தீராத வில்லங்கம். 2021 மார்ச்சில் மத்திய அரசு 18 சேவைகளை ஆதார் மூலம் ஆபீஸுக்குப் போகாமலேயே முடிக்கலாம் என்று அறிவித்தது. எல்.எல்.ஆர்., டெஸ்ட் தேவைப்படாத லைசென்ஸ் புதுப்பித்தல், முகவரி மாற்றம் போன்றவை அதில் அடக்கம். நல்ல ஏற்பாடு. ஆனால் ஆதாரில் இருக்கும் பெயரும் பதிவில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். செட்டிநாட்டில் விலாசம் என்றால் தெருவும் கதவு எண்ணும் மட்டுமில்லையே, வீட்டின் முன்னெழுத்தும் விலாசம்தானே! அழகப்பா பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அழகப்பச் செட்டியாருக்கு முன்னெழுத்து ஆர்.எம். அது இரண்டு பெயரில்லை, ராமநாதன் என்ற அப்பாவின் ஒரே பெயர்தான். இங்கே ஒரு குழந்தைக்குக்கூட அது தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. லைசென்ஸில் ஆர்.எம். சேர்த்து எழுதியிருக்கும், ஆர்.சி.யில் ஆரும் எம்மும் இடம் விட்டுத் தனித்தனியாக நிற்கும், ஆதாரில் ராமநாதன் என்று முழுசாக விரிந்திருக்கும். கம்ப்யூட்டர் கணக்கில் மூன்று ஆள்! அப்புறம் ஆதார் வழி அடைபட்டு, காகிதங்களை அப்லோட் செய்து, ஸ்லாட் எடுத்து, ஆபீஸில் போய் நிற்க வேண்டியதுதான்.

என் யோசனை இது. முதலில் ஆதாரில் பெயரை எப்படி வைத்துக்கொள்வது என்று வீட்டில் முடிவுசெய்து, பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகும்படி சரிசெய்துவிடுங்கள். மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். எல்.எல்.ஆர். போடப்போகும் பிள்ளைகள் இதில் கூடுதலாகவே கவனமாக இருக்க வேண்டும். எல்.எல்.ஆரில் ஏறிய எழுத்துதான் லைசென்ஸில் ஏறும். 30 வயதுக்குள் எடுத்த லைசென்ஸ் 40 வயது வரை செல்லும். எழுத்துப் பிழையும் அதுவரை கூடவே வரும். எல்.எல்.ஆர். 6 மாதம்தான் செல்லும், எடுத்து 30 நாள் கழித்துத்தான் எட்டுப் போடப் போக முடியும் என்பதெல்லாம் டிரைவிங் ஸ்கூலிலேயே சொல்லிவிடுவார்கள். பெயரைப் பார் என்று யாரும் சொல்வதில்லை.

முகவரிக்கு வருகிறேன். 2024 பிப்ரவரி 28-லிருந்து தமிழ்நாட்டில் லைசென்ஸும் ஆர்.சி.யும் விரைவுத் தபாலில் மட்டும்தான் வருகின்றன. ஆபீஸில் நேரில் தருவதில்லை. மற்ற ஊர்களுக்கு இது வசதி. நம் ஊர் வீடுகளை நினைத்துப் பாருங்கள். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆட்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருக்கிறார்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் கதவு திறக்கிறது.

கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர் லைசென்ஸ் புதுப்பித்தார். 60 வயதைத் தாண்டியும் கார் ஓட்டுகிறவர். அவர் ஊரில்தான் இருந்தார். தபால்காரர் முகப்பில் நின்று கூப்பிட்டிருக்கிறார். ஆச்சி வீட்டின் பின்பகுதியில், மூன்றாம் கட்டு முற்றத்தில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தார். அங்கே எந்தச் சத்தம் கேட்கும்? விண்ணப்பத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டிருக்கிறார். அது விண்ணப்பம் போட்டுக்கொடுத்த ஒரு புரோக்கரின் நம்பர், அவர் எடுக்கவில்லை. கார்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கே திரும்பிப் போயிற்று. "தம்பி, கார்டு வரலை வரலைன்னு நான் இங்கே காத்துக் கிடக்கேன், அது வாசல் வரைக்கும் வந்துட்டுப் போயிருக்கு" என்றார் ஆச்சி. கார்டைத் திரும்ப வாங்குவதற்குள் அடுத்த வெயிலுக்கு வற்றல் போடும் காலமே வந்திருக்கும்.

விண்ணப்பத்தில் தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி என்று இரண்டு கேட்பார்கள். பூர்வீக வீட்டின் மேல் இருக்கும் பாசத்தில் இரண்டிலும் அதையே போடாதீர்கள். தபாலை வாங்க ஆள் இருக்கிற முகவரியைத் தற்போதைய முகவரியாகக் கொடுங்கள், அதற்கான சான்றும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, எல்லை. கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டம், பக்கத்திலேயே இருக்கும் கடியாபட்டி புதுக்கோட்டை மாவட்டம். வண்டி எண்ணில் டி.என்.னுக்கு அடுத்து வருவது ஒன்றுக்கு 63, இன்னொன்றுக்கு 55. ஒரே சந்தைக்குப் போகிறோம் என்பதால் ஒரே ஆபீஸ் ஆகிவிடாது. பணம் கட்டுவதற்கு முன்னால் எந்த ஆபீஸ் என்பதை ஒரு தடவை பாருங்கள்.

பணம் என்றதும் ஞாபகம் வருகிறது. கணக்கில் பணம் போய்விட்டது, திரையில் ரசீது வரவில்லை என்றால் பதறிப்போய் இரண்டாம் தடவை கட்டாதீர்கள். கட்டணத்தின் நிலையைச் சரிபார்க்க அதே தளத்தில் இடம் இருக்கிறது. விண்ணப்ப எண்ணை எழுதி வைத்திருந்தால் போதும்.

இனி வண்டி விற்பது. வட்டிக்கடை வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளிடம் போய், வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்துப் போடாதே என்று நான் சொல்லத் தேவையில்லை. அதே பிள்ளைகள்தான் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29-லும் 30-லும் வெற்றாகவே கையெழுத்துப் போட்டு, சாவியோடு சேர்த்துப் புரோக்கர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தேதி இல்லை, வாங்குகிறவர் பெயர் இல்லை. சட்டப்படி, மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். புரோக்கரோ ஆள் கிடைக்கும் வரை வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பார். அதுவரைக்கும் அது உங்கள் வண்டிதான்.

உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்ற கார் கைமாறிக் கைமாறிப் போய் விபத்தில் சிக்கியது. பதிவில் யார் பெயர் இருந்ததோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவர்தான் பொறுப்பு என்பது தீர்ப்பு. எங்கள் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் வக்கீல், வண்டி விற்றுவிட்டு வருகிறவர்களிடம் எல்லாம் இதைச் சொல்லிச் சலித்துப்போய்விட்டார். விற்றவரின் நம்பருக்கு ஓ.டி.பி. வருவதே, விற்பது அவர்தானா என்று கேட்பதற்காகத்தான். அந்த நம்பரே புரோக்கருடையது என்றால், உங்களுக்குப் பதிலாகத் தலையாட்டப்போவது அவர். வண்டியை ஒப்படைக்கும் நாளிலேயே, வாங்குகிறவரை எதிரில் உட்காரவைத்து விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். அரைமணி நேர வேலை.

விற்காமலே சிக்கிக்கொள்கிற வண்டிகளும் உண்டு. அப்பச்சி பேரில் இருக்கும் அம்பாசடர் கார் ஷெட்டில் தூசி படிந்து நிற்கும். அப்பச்சி போய் வருஷம் ஆகியிருக்கும். சொந்தக்காரர் இறந்தால் 30 நாளுக்குள் ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும், 3 மாதத்துக்குள் ஃபார்ம் 31-இல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். துக்க வீட்டில் யாருக்கு இது ஞாபகம் வரும்? அதனால்தான் இப்போது உயிரோடு இருக்கும்போதே நாமினி பெயரை ஆர்.சி.யில் சேர்த்துக்கொள்ளும் வசதி வந்திருக்கிறது. ஆன்லைனிலேயே செய்யலாம். அபசகுனம் என்று இங்கே யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

வாட்ஸ்அப்பில் வரும் பொய்ச் சலானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "உங்கள் வண்டிக்கு அபராதம், விவரத்துக்கு இதைத் திறக்கவும்" என்று ஒரு ஏ.பி.கே. ஃபைல், அதாவது போனில் ஆப் ஏற்றுகிற ஃபைல் வரும். திறந்தால் போன் அவர்கள் கைக்குப் போய்விடும், வரும் ஓ.டி.பி. எல்லாம் அவர்கள் படிப்பார்கள். கல்யாணச் சமையல் மாஸ்டர் ஒருவர் அதைத் திறந்துவிட்டு, அட்வான்ஸ் வாங்கி வைத்திருந்த கணக்கே காலியாகி வந்து நின்றார். 1930-க்கு உடனே போன் போடச் சொன்னேன். காவல்துறையோ ஆர்.டி.ஓ. ஆபீஸோ ஏ.பி.கே. ஃபைல் அனுப்புவதில்லை. சந்தேகமாக இருந்தால் பரிவாகனின் இ-சலான் பக்கத்துக்கு நீங்களே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிய வேண்டும். கூகுளில் முதலில் வந்து நிற்பதெல்லாம் அரசாங்கத் தளம் இல்லை. மாஸ்டரின் வண்டி எங்கள் தெருவிலேயே இன்னொருவர் நம்பரில்தான் பதிந்திருந்தது. நிஜச் சலான் வந்திருந்தால்கூட அது அவருக்கு வந்திருக்காது! அன்று அது அவருக்குத் தோன்றவில்லை.

பெரியவர் போன பிறகு கடையின் பழைய நோட்டுகளை எடுத்து, என் நம்பரைப் போட்டுக்கொடுத்த வண்டிகளைத் தேடி எழுதினேன். 23 வண்டி. ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து மாற்றிக்கொண்டு வருகிறேன். இன்னும் 9 பாக்கி. பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை பக்கத்து வண்டிகள். நோட்டில் வண்டி எண் இருக்கிறது, ஆட்கள் எங்கே என்று தெரியவில்லை. உங்கள் வண்டிக்கு இத்தனை வருஷமாக ஒரு மெசேஜும் வராமல் இருந்து, முன்பு என்னிடம் விண்ணப்பம் போட்ட ஞாபகமும் இருந்தால், ஆர்.சி.யையும் ஆதாரையும் உங்கள் போனையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். காசு வேண்டாம். மத்தியானம் 2 மணிக்கு மேல் வந்தால் கூட்டம் இருக்காது.