கொழுப்புக் குமிழிக்குள் ஒரு காப்பிக்கொட்டை

குடியாத்தத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். மார்பகப் புற்றுநோய்க்கு வேலூரில் சிகிச்சை பெறும் அவருடைய தங்கைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ‘சிவப்பு மருந்து’ ஏற்றினார்களாம். நோய் திரும்பிய இப்போது அதே மருந்தின் வேறொரு வடிவத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். பெயருக்கு முன்னால் ‘லைப்போசோமல்’ என்று ஒரு சொல் கூடியிருக்கிறது, விலையோ பல மடங்கு ஏறியிருக்கிறது. ஒரு சொல்லுக்கா இவ்வளவு பணம் என்பது அவர் கேள்வி.

சிவப்பு மருந்தின் பெயர் டாக்ஸோரூபிசின். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிரியிலிருந்து கிடைத்த இது, டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கிடையே செருகிக்கொண்டு, அதன் முறுக்கை அவிழ்க்கும் நொதியை முடக்கி, பெருகும் செல்லைக் கொல்கிறது. மருந்து ஏற்றிய ஓரிரு நாளுக்குச் சிறுநீர் சிவந்து போவதைக் கண்டு ரத்தமோ என்று பதறுகிறவர்கள் உண்டு. அது மருந்தின் நிறம்தான். அஞ்ச வேண்டிய இடம் இதயம். இதயத் தசைச் செல்கள் ஏறக்குறைய புதுப்பிக்கப்படாதவை என்பதால் ஒவ்வொரு முறையும் நேரும் சேதம் அங்கே சேர்ந்துகொண்டே போகிறது. ஆகவே உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மி.கி. வரை என்று வாழ்நாள் முழுமைக்கும் மருத்துவர்கள் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். முன்பே மருந்து வாங்கிய உடலுக்கு அந்த வரம்பில் மிச்சம் குறைவு.

கூடியிருக்கும் அந்தச் சொல், கொழுப்பாலான ஒரு நுண்குமிழியைக் குறிக்கிறது. 1960-களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் என்பவர் செல்படலக் கொழுப்புகளை நீரில் கலந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அவை தாமாகவே இரட்டைப் படலக் குமிழிகளாகச் சுருண்டு கொள்வதைக் கண்டார். அவர் புற்றுநோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருக்கவில்லை. எதற்குப் பயன்படும் என்று விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லும் இன்றைய நிதிக் குழுக்களிடம் அவர் என்ன எழுதியிருப்பார் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

குமிழி கிடைத்துவிட்டாலும் அதற்குள் மருந்தை அடைப்பது எளிதாக இல்லை. மருந்துக் கரைசலில் குமிழிகளை உருவாக்கினால் உள்ளே சிக்குவது சொற்பம், சிக்கியதும் கசிந்துவிடும். ஜெருசலேமில் பாரன்ஹோல்ஸ், காபிசான் குழுவினர் இதற்குக் கையாண்ட பொருள் நம் வட ஆற்காட்டு உழவர்கள் நெல்லுக்குப் போட்டுப் பழகிய அம்மோனியம் சல்பேட் உரம். முதலில் அந்த உப்புக் கரைசலிலேயே குமிழிகளை உருவாக்குகிறார்கள். பிறகு வெளியிலிருக்கும் உப்பை மட்டும் நீக்கிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் அம்மோனியம் அயனிகளில் ஒரு சிறு பங்கு அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் அயனியாகவும் பிரிகிறது. மின்னூட்டமில்லாத அம்மோனியா கொழுப்புப் படலத்தைச் சுலபமாகக் கடந்து வெளியேறுகிறது. மின்னூட்டமுள்ள ஹைட்ரஜன் அயனியால் அப்படிக் கடக்க முடிவதில்லை. ஆகவே வெளியேறும் ஒவ்வோர் அம்மோனியாவும் ஓர் அமிலத் துளியை உள்ளே விட்டுச் செல்கிறது. இப்போது வெளியே டாக்ஸோரூபிசினைச் சேர்த்துச் சூடாக்கினால், மின்னூட்டமற்ற நிலையிலுள்ள அதன் மூலக்கூறுகள் படலத்தைக் கடந்து நுழைகின்றன; நுழைந்ததும் உள்ளேயுள்ள அமிலத்திலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பற்றிக்கொண்டு மின்னூட்டம் பெறுகின்றன. வந்த வழியே திரும்ப முடியாத அவை, காத்திருக்கும் சல்பேட்டுடன் சேர்ந்து ஊசி ஊசியாகப் படிகின்றன. படிந்தது கரைசல் கணக்கில் சேராது என்பதால் வெளியே இருப்பவை மேலும் மேலும் உள்ளே வந்தபடி இருக்கின்றன. கடைசியில் வெளியே போட்ட மருந்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் குமிழிக்குள் இருக்கும்; 100 நானோமீட்டர்கூட எட்டாத ஒரு குமிழியில் 10,000 மூலக்கூறுகளுக்கு மேல் அடைந்திருக்கும். உறைநிலை நுண்ணோக்கிப் படத்தில் ஒவ்வொரு குமிழியும், நடுவே கீறல் விழுந்த காப்பிக்கொட்டையைப் போலவே தெரிகிறது. பள்ளிக்கூட அமில கார வேதியியலைக் கொண்டு இவ்வளவு அழகாகப் போட்ட வேறொரு பூட்டை நான் அறியேன்.

மீதிக் கதை சுருக்கமானது. கல்லீரல், மண்ணீரலின் விழுங்குசெல்கள் பிடித்துவிடாதபடி குமிழியின் மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளின் இழைகளைப் போர்த்துகிறார்கள். அதனால் அது சில நாட்கள் ரத்தத்தில் சுற்றுகிறது. இதயத்தின் நுண்குழாய்ச் சுவர்கள் நெருக்கமானவை, குமிழி அங்கே புகாது. அவசரமாக வளர்ந்த கட்டியின் குழாய்களிலோ ஓட்டைகள் உண்டு, கசிந்ததை வெளியேற்றும் நிணநீர் வடிகாலும் சரியாக இல்லை. கரை உடைந்து தண்ணீர் உள்ளே பாய்ந்த, ஆனால் மதகும் கலங்கலும் இல்லாத ஏரியைப் போல அங்கே குமிழிகள் தேங்குகின்றன. ஜப்பானில் மட்சுமுராவும் மயேதாவும் 1986-இல் இதை விளக்கினார்கள். 1995-இல் இந்த மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2012-இல் அங்கே தட்டுப்பாடு வந்தபோது நம் நாட்டு சன் ஃபார்மாவின் தயாரிப்பைத்தான் தற்காலிகமாக இறக்குமதி செய்தார்கள்.

ஆனாலும் ‘கட்டியை மட்டும் தேடிச் சென்று தாக்கும்’ என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எலிகளில் நடந்த நானோ மருந்து ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் வெளியான கணக்கின்படி, பாதி ஆய்வுகளில், செலுத்திய அளவில் கட்டியை அடைந்தது 0.7 விழுக்காட்டைத் தாண்டவில்லை. மனிதர்களிலும் குழாய்களின் கசிவு ஆளுக்கு ஆள், கட்டிக்குக் கட்டி மாறுகிறது. மார்பகப் புற்றில் இந்த வடிவம் பழையதற்கு இணையாகவே வேலை செய்கிறது; ஆசிரியர் கொடுக்கும் கூடுதல் பணம் முதன்மையாகத் தங்கையின் இதயத்துக்காக.

அவருடைய கடிதத்தின் கடைசி வரியில் இன்னொரு கேள்வியும் இருந்தது: இரண்டாம் முறை மருந்து ஏற்றிய பிறகு தங்கையின் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரிகின்றன, வீட்டில் பெரியவர்கள் கண்ணேறு என்கிறார்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா? நெடுநேரம் சுற்றும் குமிழிகள் அழுத்தமும் சூடும் படும் தோலிலும் கசிவதால் வருவது இது என்று கருதப்படுகிறது. உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவதானால் போடட்டும், ஒத்தடம் மட்டும் வேண்டாம். சூடு பட்டால் ரத்த ஓட்டம் பெருகி மருந்து அங்கே இன்னும் கசியும். மருந்து ஏற்றிய முதல் வாரம் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் குளிர்ந்த நீர், இறுக்காத மென்மையான செருப்பு, வேலூர் வெயிலில் கொதிக்கும் தரையில் வெறுங்காலோடு கோயில் சுற்றாமல் இருப்பது ஆகியவை உதவும். தோல் உரிந்தாலோ கொப்புளம் கண்டாலோ அடுத்த தேதி வரை காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இடைவெளியை நீட்டியோ அளவைக் குறைத்தோ அவர் சரிசெய்வார்.