பத்து மணி ஆட்டம்

ரொறன்ரோவில் கடன் ஆலோசகராக வேலை செய்கிறேன். வருகிறவர்கள் முதலில் மேசையில் வைப்பது வங்கிக் கூற்றை. கதை பிறகுதான் வரும். வாடகை, கார்க் கட்டுக்காசு, சீட்டுக்காசு எல்லாம் அந்தந்தத் தேதியில் போயிருக்கும். அவற்றுக்கு நடுவே ஒரே பந்தயச் செயலியின் பெயரில் 20, 20, 50, 100 என்று வரிகள். நாலைந்து வருசத்துக்கு முன்பு இந்த வரிகளை நான் அரிதாகத்தான் பார்த்தேன்.

சட்டம் மாறியதுதான் காரணம். தனி ஒரு ஆட்டத்தின் முடிவின் மேல் பந்தயம் கட்டக் கனடாவில் முன்பு அனுமதி இல்லை. பல ஆட்டங்களைச் சேர்த்தே கட்ட வேண்டும். 2021 ஓகஸ்ட் 27 முதல் அந்தத் தடை நீங்கியது. 2022 ஏப்ரல் 4 அன்று ஒன்ராறியோ தனியார் நிறுவனங்களுக்கும் சந்தையைத் திறந்துவிட்டது. இப்போது ஐஸ் ஹொக்கி பார்க்க உட்கார்ந்தால் விளம்பர இடைவேளையெல்லாம் பெற்றிங் செயலிகள்தான்.

கடந்த குளிர்காலத்தில் ஒருவர் வந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கூடவே மனைவி. இரண்டு மாதச் சீட்டுக்காசு கட்டாததால் விசயம் வெளியே வந்திருந்தது. வங்கிக்குத் தவறினால் கடிதம் வரும். சீட்டுக்குத் தவறினால் ஊரே போன் எடுக்கும்.

"அக்கா, நான் கண்ணை மூடிக்கொண்டு கட்டுற ஆளில்லை. ஆர் கோலி எண்டு பாத்துத்தான் கட்டுறனான்" என்றார்.

பொய் சொல்லவில்லை. ஹொக்கியில் கோலிதான், அதாவது வலையைக் காக்கும் ஆள்தான், பாதி ஆட்டம். அடுத்தடுத்த இரவுகளில் விளையாடும் அணி, ஒரு நாளாவது இரண்டாவது கோலியை இறக்குவது வழக்கம். காலைப் பயிற்சியில் யார் முதலில் ஐஸை விட்டு வெளியேறுகிறார் என்பதை வைத்தே அன்றிரவு நிற்கப்போவது யார் என்று ஊகிப்பார்கள். இவருக்கு இதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் செய்தி வெளியான உடனேயே பந்தய விலையும் மாறிவிடும். அவருக்குத் தெரிந்தது விலை போடுகிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

அந்த விலையைக் கடுதாசியில் போட்டுக் காட்டினேன். சமபலமான இரண்டு அணிகள். இரு பக்கமும் விலை 1.91, அதாவது ஒரு டொலர் கட்டி வென்றால் 1.91 டொலர் திரும்பும். ஒவ்வொரு பக்கமும் 100 டொலர் கட்டினால் போவது 200, யார் வென்றாலும் திரும்புவது 191. அந்த 9 டொலர்தான் கடைக்காரனின் பங்கு. நட்டமில்லாமல் இருக்கவே நூற்றுக்கு 52க்கு மேல் சரியாகச் சொல்ல வேண்டும். ஐந்து ஆட்டத்தைக் கோர்த்துக் கட்டினால் 25 மடங்கு கிடைக்கும் என்று ஆசை காட்டுவார்கள். ஐந்தும் சரியாக வருவதோ 32இல் ஒரு தரம்.

இந்த விளையாட்டு வேறு, கணிப்புக்கு அடங்காதது. இரு அணியும் சேர்ந்து சராசரியாக ஆறு கோல்தான். ஒருவனின் சப்பாத்தில் பட்டுத் திரும்பும் பக் (அந்த ரப்பர் வட்டு) ஒன்றே ஆட்டத்தை மாற்றிவிடும். என்எச்எல் லீக்கில் 2022-23இல் பொஸ்ரன் அணி 65 வெற்றி, 135 புள்ளி எடுத்தது. இரண்டும் லீக் சாதனை. கிண்ணத்துக்கான முதல் சுற்றிலேயே, 92 புள்ளியோடு கடைசியாக உள்ளே நுழைந்த புளோரிடாவிடம், ஆட்டக் கணக்கில் 3-1 என்று முன்னணியில் இருந்தும் தோற்றது. எங்கள் ரொறன்ரோ அணி லீஃப்ஸின் கதை இன்னும் மோசம். 2020 பெப்ரவரி 22 அன்று கரோலினாவின் இரண்டு கோலிகளும் காயப்பட, ஐஸ் சமப்படுத்தும் சம்பொனி வண்டி ஓட்டிய 42 வயது டேவிட் அயர்ஸ் வலைக்கு முன்னால் நின்றார். முதல் இரண்டு அடியும் கோல். பிறகு வந்த எட்டையும் தடுத்தார். லீஃப்ஸ் சொந்த அரங்கில் 6-3 என்று தோற்றது. எந்தக் கணிப்பில் இது இருந்திருக்கும்?

இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

வங்கிக் கூற்றில் நேரம் இருக்காது. அதனால் செயலியைத் திறந்து கணக்கு வரலாற்றைக் காட்டச் சொன்னேன். ஒரு சனிக்கிழமை. ஏழு மணிக்கு 20. முதல் இடைவேளையில் 20. அடுத்த கோல் யாருடையது என்று 50. அதன்பிறகு லீஃப்ஸ் இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்லும் என்று 100. கடைசி நிமிடத்தில் ஒரு கோல் முன்னிலை. எதிரணி கூடுதலாக ஒரு ஆட்டக்காரரை இறக்கக் கோலியை வெளியே எடுத்துவிட்டது. காலி வலையை நோக்கி அடித்த பக் கம்பியில் பட்டுத் திரும்பியது. "நான் சொன்னது சரிதானே அக்கா, ஒரு அங்குலம்!" இந்த ஒரு அங்குலத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். படு தோல்வி ஆளை எழும்பிப் போகவைக்கும். மயிரிழையில் போனது 'எனக்குக் கணிக்கத் தெரியும்' என்று உட்காரவைக்கும்.

அடுத்த வரி 10:12க்கு. 300 டொலர். வன்கூவரில் அப்போது ஏழு மணி, அங்கே ஆட்டம் அப்போதுதான் தொடங்கியிருக்கும். அந்த அணிகளைப் பற்றி அவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. மற்றச் சனிக்கிழமைகளையும் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். பெரிய தொகையெல்லாம் பத்து மணிக்குப் பிறகுதான். அதில் பாதி கடனட்டையில். பல வங்கிகள் அதைக் காசு எடுத்ததாகவே கணக்கு வைக்கும்: தனிக் கட்டணம், முதல் நாளிலிருந்தே வட்டி.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது ஐயம் இருந்தால், மொத்தத் தொகையைக் கேட்டுச் சண்டை பிடிக்காதீர்கள், நேரங்களைப் பாருங்கள். ஒன்ராறியோவில் அனுமதி பெற்ற செயலிகள் எல்லாவற்றிலும் வைப்புக்கு எல்லை போடவும் தன்னைத்தானே விலக்கிக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும் என்பது விதி. போனில் எத்தனை செயலி இருக்கிறதோ அத்தனையிலும் போடுங்கள். கொனெக்ஸ் ஒன்ராறியோவின் 1-866-531-2600 இலக்கம் இரவு பகலாகத் திறந்திருக்கும், இலவசம். சூதாட்டப் பழக்கத்துக்கு உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். கடன் வேறு, பழக்கம் வேறு. என்னால் தீர்க்கக்கூடியது முதலாவதைத்தான்.

அவர் இரண்டு செயலியை மூடினார். மூன்றாவதை மூட மனம் வரவில்லை. கிழமைக்கு 20 டொலர் எல்லை போட்டார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

ஒரு மாதம் கழித்துத் தனியாக வந்தார். கணக்கு வரலாற்றை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். ஒரே ஒரு வரி. சனி, 10:20, 20 டொலர். நான் பார்க்கும் முன்பே அதைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருந்தார்.