ஸ்காட்ச் குடித்தாலும் கல்லீரலுக்கு அதே சுமைதான்

"டாக்டர், நான் கண்டதையும் குடிக்க மாட்டேன். மச்சான் துபாயிலிருந்து கொண்டு வர்ற ஸ்காட்ச் மட்டும்தான்." கண்ணில் மஞ்சள் ஏறி, வயிற்றில் நீர் கோத்து வந்தவர் சொன்னது இது. கல்லீரல் நோய் பார்க்கும் எனக்கு இந்தப் பேச்சு பழக்கமானது.

நாட்டுக்கு நாடு விஸ்கி மாறுவது உண்மைதான். ஸ்காட்லாந்தில் குறைந்தது 3 ஆண்டுகள் ஓக் பீப்பாயில் இருந்தால்தான் அதை ஸ்காட்ச் என்று விற்கலாம். அயர்லாந்திலும் 3 ஆண்டுகள்தான். அமெரிக்க விஸ்கியான பர்பனில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் வேண்டும், உள்பக்கம் கருக்கிய புதுப் பீப்பாயும் வேண்டும். நம் ஊர் விலை குறைந்த விஸ்கிகள் பலவற்றில் கரும்பு மொலாசஸிலிருந்து வடித்த ஸ்பிரிட்தான் அடிப்படை. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று விற்க முடியாது, தானியத்தில் வடித்திருக்க வேண்டும். அதற்காக இந்தியச் சரக்கெல்லாம் அப்படி என்றில்லை. பெங்களூரிலேயே பார்லியில் வடிக்கும் சிங்கிள் மால்ட் விஸ்கி இருக்கிறது.

சரி, இதெல்லாம் நிறம், மணம், ருசி சம்பந்தப்பட்டது. அவர் மனைவியின் போனில் இருந்த பாட்டில் படத்தைப் பெரிதாக்கி, லேபிளின் ஓரத்தைக் காட்டினேன்: ஆல்கஹால் 40%. நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 42.8%. 60 மில்லி லார்ஜில் கணக்குப் போட்டால் ஸ்காட்சில் சுமார் 19 கிராம் எத்தனால் (போதை தரும் ஆல்கஹால் இதுதான்), நம் சரக்கில் 20. ஒரு கிராம்தான் வித்தியாசம்! அவர் தினமும் நாலு லார்ஜ் போடுகிறவர்.

கள்ளச்சாராயத்தில் மெத்தனால் கலந்து கண்ணும் உயிரும் போவது வேறு விஷயம். முறையாகத் தயாரித்த எந்த பாட்டிலிலும் கல்லீரலைக் கெடுப்பது இந்த எத்தனால்தான். "காலையில தலைவலியே இல்ல டாக்டர்" என்பதை நல்ல சரக்குக்கு அத்தாட்சியாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் பயம். கல்லீரலில் கொழுப்பு படிந்து, தழும்பேறி, சுருங்கும்வரை பலருக்கு வலியே இருப்பதில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது, எந்த நாட்டு மதுவுக்கும் பொருந்தும்.

தினமும் குடிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இன்றைக்கே ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். கை நடுக்கம், வியர்வை என்று ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளில் வலிப்பு, பிதற்றல் வரை போகலாம். தினம் எவ்வளவு என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். இவரையும் வார்டில் சேர்த்துத்தான் நிறுத்தினோம்.